நொட்டை அக்காவின் டூப்பு

மூன்றாவது தடவையாகத் திரையில் சிவப்பு, அதாவது ஃபெயில்.

ஆபீஸில் 'தாடி' என்று கூப்பிடப்படும் புரோகிராமர் கீபோர்டைத் தள்ளிவிட்டு, நாற்காலியோடு உருண்டு பக்கத்து மேஜைக்குப் போனான். அங்கே நொட்டை அக்கா. ஆபீஸே சேர்ந்து வைத்த பேர். எதை எழுதிக் கொடுத்தாலும் சோதித்துப் பார்த்து நொட்டை சொல்லி, ஃபெயில் போட்டுத் திருப்பி அனுப்பினால் வேறென்ன பேர் வைப்பார்கள்?

"அக்கா, உங்களுக்கு என்மேல ஏதாவது கோபமா?"

"இல்லையே தம்பி."

"அப்புறம் ஏன் உயிரை எடுக்குறீங்க? நான் எழுதின டெஸ்ட் எல்லாமே பச்சைதானே!"

விஷயம் இதுதான். கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு, வீட்டிலிருந்தே நேரம் பதிவு செய்கிற வெப்சைட். ஒரு வாரமாக, சில நோயாளிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு, ஒத்திகை ஓடுகிறது. வெப் சர்வருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை உள்ளே விடுவதா வெளியே தள்ளுவதா என்று முடிவு செய்கிற குட்டி புரோகிராம், அதாவது ஸ்கிரிப்ட், தாடி எழுதியது.

அதைச் சோதிக்க நிஜ சர்வரும் வேண்டாம், நிஜ நோயாளியும் வேண்டாம். மாக் ஆப்ஜெக்ட் போதும். சினிமாவில் ஹீரோவுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிற டூப்பு மாதிரி, சர்வருக்கு ஒரு டூப்பு, நோயாளிக்கு ஒரு டூப்பு, கடிகாரத்துக்குக்கூட ஒரு டூப்பு.

இன்று சாயங்காலத்துக்குள் அக்கா பாஸ் போட்டால்தான் நாளைக்கு லீவு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாளைக்குத் தாடியின் உயிர் நண்பனுக்குக் கல்யாணம்.

போன் அதிர்ந்தது. அம்மா. கட் செய்தான்.

"உன் டூப்பு நோயாளி உன்னை மாதிரியே இருக்கான் தம்பி," என்றாள் அக்கா. "ஒரே மூச்சுல எல்லாத்தையும் அடிச்சு முடிச்சிடுறான். தப்பே பண்ண மாட்டேங்குறான். அவனை வச்சு டெஸ்ட் பண்ணா பச்சையாத்தான் இருக்கும்."

"உங்க டூப்பு மட்டும் என்ன ஒழுங்கு? பேரை அடிக்க ஆரம்பிச்சிட்டு, பாதியில காணாமப் போயிடுது!"

"கண்ணாடியைத் தேடப் போயிருக்காங்க."

"யாரு, டூப்பா?"

"ஆமா."

"திரும்பி வந்து, போன் நம்பர் போடுற கட்டத்துல பேரை அடிக்குது."

"எழுத்து பொடிசா இருக்கு. எந்தக் கட்டம்னு தெரியல."

"ஒரே பட்டனைப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்குது!"

"அமுங்குச்சா இல்லையான்னு உன் ஸ்கிரிப்ட் ஒரு வார்த்தை சொல்லுதா?"

"இது மனுஷனே இல்லை, ஏதோ ரோபோன்னு நினைச்சு வெளியே தள்ளுது. சரியாத்தான் தள்ளுது! அக்கா, சத்தியமாச் சொல்லுங்க, இப்படி ஒரு லூசு உலகத்துல எங்கயாவது இருக்குமா?"

அக்கா திரையிலிருந்து திரும்பினாள். இவ்வளவு நேரமும் ஏறாத குரல் இப்போது ஏறியது.

"லூசுன்னு சொல்லாதே. கண் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னா அதுல என்ன அதிசயம்?"

"டூப்பைத் திட்டினா உங்களுக்கு ஏன் சுருக்குன்னு வருது?"

மேஜையில், வெப்சைட்டில் தடுமாறுகிறவர்கள் கூப்பிடுகிற ஹெல்ப்லைன் போன் அடித்தது. அதுவும் அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

தாடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பாதியில் போனால் காத்திரு. எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள். கட்டம் மாறினால் வெளியே தள்ளாதே, அடித்ததை அழிக்காதே, சரியான கட்டத்தைப் பெரிதாகக் காட்டு. ஒவ்வொரு வரிக்கும் அக்காவை மனசுக்குள் ஒரு திட்டு.

வெளியே இருட்டத் தொடங்கியபோது எல்லாம் பச்சை.

அக்கா பாஸ் போட்டாள். புது ஸ்கிரிப்ட் சர்வரில் ஏறியது. "கல்யாணத்துக்கு சந்தோஷமாப் போயிட்டு வா தம்பி."

"உங்க புண்ணியத்துல தாலி கட்டறதையாவது பார்த்துடுவேன்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினான்.

பஸ் ஸ்டாப்புக்குப் பாதி வழியில் அம்மா மறுபடி கூப்பிட்டாள்.

"என்னம்மா? அப்போ வேலை நேரத்துல எதுக்குக் கூப்பிட்டே?"

"கண் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கித் தரச் சொல்லத்தான்டா கூப்பிட்டேன். நீ எடுக்கல. பரவாயில்லை, இப்போ நானே வாங்கிட்டேன்!"

"நீயா? எப்படி?"

"உன் ஆபீஸ் பொண்ணு இப்பத்தான் போன் பண்ணி, 'இன்னொரு தடவை போட்டுப் பாருங்கம்மா'ன்னு சொல்லுச்சு. போட்டேன், கிடைச்சிருச்சு."

"எந்தப் பொண்ணு?"

"நேரம் வாங்குற வெப்சைட்டுல ஒரு நம்பர் போட்டிருக்கே, அதுல பேசுற பொண்ணு. ஒரு வாரமா அந்த வெப்சைட்கூடத்தான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். 'இதை எழுதினதே என் பையன்தான், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, இதுகூடத் தெரியாதான்னு கத்துவான்'னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

தாடியின் கால் நின்றுவிட்டது.

"ரொம்பப் பொறுமையான பொண்ணுடா. கண்ணாடி தேட எவ்வளவு நேரம் ஆச்சு, எந்தக் கட்டத்துல தடுமாறுனீங்க, பட்டனை எத்தனை தடவை அமுக்குனீங்கன்னு ஒண்ணு விடாமக் கேட்டுக்கிச்சு. அதெல்லாம் அதுக்கு எதுக்குன்னுதான் எனக்குப் புரியல. உனக்கு ஏதாவது தெரியுமாடா?"