கணுவுக்குக் கீழே ஒரு வெட்டு

இன்றைக்குத் திருடனைப் பிடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று நூலகர் முடிவு கட்டிவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே, வெயில் எட்டிப் பார்க்காத வராந்தாவில் அவர் தொங்கவிட்டிருந்த கூடைகளில் மறுபடியும் யாரோ கை வைத்திருந்தார்கள். வெள்ளிக் கோடும் ஊதாவுமாக இலைவிட்டுத் தரையைத் தொடப் பார்க்கிற கொடி அது. நேர்வெயில் பட்டால் இலை வெளுத்துவிடும், தண்ணீர் கூடினால் தண்டு அழுகிவிடும். மண்ணில் விரலை வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுவார். பெற்ற பிள்ளைக்குக்கூட மனுஷன் இவ்வளவு பார்த்ததில்லை என்று அவர் மனைவிக்கே குறை உண்டு.

எலியாக இருக்கும் என்றார் வாட்ச்மேன். நூலகர் ஒப்புக்கொள்ளவில்லை. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினால்தான் வேர்விடும் என்று எலிக்கு எப்படித் தெரியும்? இது விவரம் தெரிந்த கை. அதுவும் வாரா வாரம், ஒரு தொட்டி நிறைய நடுகிற அளவுக்கு.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு அகராதி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வந்தது, கவுண்டரில் புத்தகம் கொடுக்கிற பெண். இருக்கிற இடம் தெரியாமல் வேலை பார்ப்பவள். கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, நறுக் நறுக்கென்று வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்றபடி நூலகர் வெளியே வந்தார்.

அவள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவரோ பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். கேட்டிருந்தால் ஒரு தண்டு கொடுத்திருக்க மாட்டாரா? வாரா வாரம் எடுக்கிறாள் என்றால், நட்டு வெளியே விற்கிறாள் என்றுதானே அர்த்தம்? இருப்பதோ தற்காலிக வேலை. மேலே ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் நாளைக்கே சீட்டு கிழிந்துவிடும்.

"விக்கலை சார். வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்குன்னா ஒரு தடவை போதுமே. குச்சியைக் குத்தி வச்சா வளர்ற கொடி. வாரா வாரம் எதுக்கு?"

அதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. சரியான அழுத்தக்காரி என்று அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"சரி, உங்க வீட்டுக்கே போய்ப் பார்த்துடலாம். வளர்க்கறீங்களா விக்கறீங்களான்னு தெரிஞ்சுடும்."

அவள் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். பிறகு, "வாங்க சார்" என்று முன்னால் நடந்தாள்.

அடுத்த தெருவில்தான் வீடு. பால்கனி நிழலில் ஒரே ஒரு கூடை தொங்கியது. அதனடியில் ஒரு வாளி. பக்கத்தில் கையில் குவளையோடு ஒரு பெரியவர். நூலகர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குவளை ஊற்றினார், குழாயடிக்குப் போனார், வந்து இன்னொன்று ஊற்றினார். தண்டெல்லாம் கொழகொழத்து, இலை உதிர ஆரம்பித்திருந்தது.

நூலகர் குறுக்கே கை நீட்டினார். "ஐயா, போதும். இப்படி ஊத்தினா அழுகிடும்."

"ஊத்தாம விட முடியுமா? இது என் வீட்டுக்காரியோட செடி" என்றார் பெரியவர். "அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. வரும்போது இது வாடிக் கிடந்துச்சுன்னா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா." சிரித்துக்கொண்டே மறுபடியும் குழாயடிக்குப் போனார்.

அவள் நூலகரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"மாமாவுக்கு எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்லை சார். அத்தை தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

"எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னோம் சார். சொல்ற ஒவ்வொரு தடவையும் அவருக்கு அன்னிக்குத்தான் அத்தை செத்த மாதிரி. சாப்பிடாம அப்படியே உக்காந்துடுவார். அதனால சொல்றதை விட்டுட்டோம். ஆனா செடி பட்டுப்போனதைப் பார்த்தா மட்டும், தானாவே ஞாபகம் வந்துடுது."

அதனால்தான் அழுகுவதற்குள் மாற்றி மாற்றி நடுகிறாளாம். தனியாக ஒரு தொட்டியில் வளர்த்தும் பார்த்தாளாம். தேடிக் கண்டுபிடித்து அதற்கும் ஊற்றிவிட்டாராம்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா ஏன்னு கேப்பீங்க. அவர் கதை ஆபீஸ்ல ஆளாளுக்குப் பேச்சாகிடும். அதுக்கு நான் திருடியாவே இருந்துட்டுப் போறேன். வேலை போனாலும் போகட்டும் சார், அந்தக் கூடை மட்டும் காலியாகக் கூடாது."

நூலகருக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. பால்கனி வழியாக வாசலுக்கு நடந்தார்.

பெரியவர் குவளையோடு வழிமறித்தார். "நீங்க யாரு? எதுக்கு வந்தீங்க?" கேட்டவர் கூடையைத் திரும்பிப் பார்த்தார். கீழே கிடந்த இலைகளைப் பார்த்ததும் முகம் கலவரப்பட்டது. "ஏன் இப்படிக் கொட்டுது? அவ... அவ எங்க?"

நூலகர் நகர்ந்து, கூடையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்டம்மாதான் அனுப்பினாங்க, ஐயா. செடியை நீங்க நல்லாத்தான் பார்த்துக்கறீங்களான்னு, வாரா வாரம் வந்து பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு."