எரிந்து திரும்பிய நாவல்

அவசரநிலைக் காலம். போடி கடைவீதியில் ஞானசெல்வி நடத்திய வாடகை நூலகத்துக்கு வந்த ஏட்டு ராக்கையா, குடிமக்களை அரசு சதா வேவு பார்ப்பதைச் சொல்லும் ஒரு பழைய நாவலை வாசலிலேயே எரித்தார். மறுநாள் அது அலமாரியில் இருந்தது. மறுபடி எரித்தார். மறுபடியும் இருந்தது.

படித்து முடித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பது அங்கே வழக்கம். எரிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் புள்ளிகள் கூடியிருந்தன.

“இன்னொரு தடவ இது இங்கன கெடந்துச்சுன்னா கடைக்குச் சீல்தாம்மா.”

“வைங்க ஏட்டய்யா. நான் எடுத்து ஒளிக்க மாட்டேன்.”

மறுநாளும் நாவல் இருந்தது. அவளை வெளியே வரச் சொல்லி, ஏட்டு கதவைப் பூட்டிச் சீல் வைத்தார். ஆளில்லாத கடைக்குள்ளே பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. ஒருவர் மட்டும் புரட்டும் சத்தம் அல்ல. அவர் கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

“தட்டாதீக,” என்றாள் ஞானசெல்வி. “படிக்கிறாக.”