விசில் பாட்டு உண்டா?

"இன்னைக்கு விசில் பாட்டு உண்டாம்மா?"

"உண்டு சார். செய்தி முடிஞ்சதும் முதல் பாட்டே அதுதான்."

லைன் கட்.

"பார்த்தீங்களா அண்ணே! ஒரு நன்றி கிடையாது, ஒரு 'சரிம்மா' கிடையாது. பட்டுன்னு கட். நான் என்ன இவர் வீட்டு அலாரமா?" என்று பொரிந்தாள் வானொலி அறிவிப்பாளினி.

பக்கத்தில் பாட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த ஒலிப் பொறியாளர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தப் புலம்பலும் உண்டு.

நிகழ்ச்சிக்குப் பெயர் 'அப்போ நம்பர் ஒன்'. தொண்ணூறுகளில் முதலிடம் பிடித்த பாட்டுகளைப் போட்டு, அந்தக் காலத்து அலம்பலை எல்லாம் இவள் கிண்டலடிப்பாள். அவள் வாய்க்கென்றே ஒரு கூட்டம் ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

விசில் பாட்டு மாதக்கணக்கில் முதலிடத்தை விட்டு நகராத பாட்டு. சலூன், பஸ், டீக்கடை, எங்கே போனாலும் அதுதான். எடுத்ததும் நீளமாய் ஒரு விசில். அதை அடித்துப் பார்க்காத பிள்ளைகளே அப்போது கிடையாது.

அந்த மனிதர் வாரம் தவறாமல் நிகழ்ச்சிக்கு முன்னால் கூப்பிடுவார். உண்டு என்றால், எப்போது என்று கேட்டுக்கொண்டு கட். இல்லை என்றால் மட்டும், "ரொம்ப நன்றிம்மா" என்பார்.

"இல்லைன்னு சொன்னா நன்றியாம்! எவ்வளவு குத்தல் பாருங்க."

அந்தக் குத்தல் பொறுக்காமலே பல வாரம் அந்தப் பாட்டைப் போட்டாள். சும்மா போடுவாளா? "இதோ, நம்ம கட் சாருக்காக! சார், இப்பவாவது கொஞ்சம் சிரிங்க!" என்று மைக்கில் வம்பிழுத்துவிட்டுத்தான் போடுவாள். 'கட் சார்' ஊரறிந்த ஆளாகிவிட்டார். பெயர் வைத்த பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த ஞாயிறு, நிகழ்ச்சி தொடங்கி ஒரு வருஷம்.

"அண்ணே, கட் சாருக்கு ஒரு இன்ப அதிர்ச்சி குடுப்போம். பாட்டு இன்னைக்கு இல்லைன்னு சொல்லிட்டு, திடுதிப்புன்னு போடுவோம். கையோட அவருக்கே போன் பண்ணி நேரலையில பேச வைப்போம். மனுஷன் ஆடிப்போயிடுவார்!"

"வயசானவர்கிட்ட பொய் சொல்லணுமாம்மா?"

"நல்லதுக்குத்தானே அண்ணே!"

சொல்லி வாய் மூடவில்லை, போன் வந்தது.

"இன்னைக்கு விசில் பாட்டு..."

"இல்லை சார்." சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நிச்சயமா இல்லையாம்மா?"

"சத்தியமா இல்லை சார்."

"ரொம்ப நன்றிம்மா. நீ நல்லா இருக்கணும்."

"இன்னைக்கு டபுள் குத்தல்!" என்று கைதட்டிச் சிரித்தாள்.

நிகழ்ச்சியின் நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விசில் நீளமாக ஒலித்தது. ஒரு சரணம் ஓடியதும் பாட்டைத் தணித்துவிட்டு அவர் எண்ணுக்கு அடித்தாள்.

"ஹலோ கட் சார்! நேரலையில இருக்கீங்க! ரேடியோவுல என்ன ஓடுதுன்னு தெரியுதா?"

எதிர்முனையில் வண்டிகளின் இரைச்சல். "யாரும்மா? ரேடியோ நிலையமா? நான் மருந்துக் கடையில நிக்கிறேன்."

"அடடா! பரவாயில்லை, போன்லயே கேளுங்க. உங்களுக்காகவே உங்க பாட்டு!"

பொறியாளர் ஒலியைக் கூட்டினார். மறுபடியும் அந்த விசில்.

"ஐயோ! இன்னைக்கு இல்லைன்னு சொன்னியேம்மா! அதை நம்பித்தானே அவளைத் தனியா விட்டுட்டு வந்தேன்!"

"யாரை சார்?" அவள் குரலில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"என் சம்சாரத்தை. எங்க பொண்ணு எப்பவும் வாசல்ல நின்னு அந்த விசிலை அடிச்சிட்டுத்தான் உள்ளே வருவா. அவ செத்துப் போய் எத்தனையோ வருஷமாச்சு. இவளுக்கு இப்ப எல்லாமே மறந்துபோச்சு, பொண்ணு போனதும் மறந்துபோச்சு. அந்த விசில் மட்டும் மறக்கலை. கேட்டா, பொண்ணு வந்துட்டான்னு கதவைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடிடுவா..."

அவருக்கு மூச்சு வாங்கியது. ஓடிக்கொண்டே பேசுகிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"உன் நிகழ்ச்சியைக் கேட்டாத்தாம்மா அவ ரெண்டு வாய் சாப்பிடறா. அதான் அந்த ஒரு பாட்டு எப்ப வரும்னு கேட்டு, ஓடிப்போய் ரேடியோவை அணைச்சிடுவேன்."

பொறியாளர் பாட்டையும் நேரலையையும் நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு விளம்பரத்தை ஓடவிட்டார். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"போடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்..." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நாலு பேர் ஆசையா கேக்கற பாட்டு. எங்களுக்காக வேணாம்னு எப்படிம்மா சொல்றது?"

முதல்முறையாக, அவர் போனை கட் பண்ணவில்லை. ஓடுகிற செருப்புச் சத்தமும், யாரோ சடாரென்று பிரேக் அடிக்கும் சத்தமும், "அங்கேயே நில்லு, இதோ வந்துட்டேன்!" என்ற அவர் அலறலும் அவள் காதுக்குள் வந்துகொண்டே இருந்தன.