சூனியக்காரியின் முகம்

“உட்காரு ஹெஸ்டர், டீ ஆறிப்போகுது” என்றான் கணவன் ஆல்வின்.

சிறுவர்களுக்கு மாயக்கதைகள் எழுதி இங்கிலாந்து முழுக்கப் பேர் வாங்கிய ஹெஸ்டர், சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். மாடியில் அவளுடைய அம்மா, மகள் எழுதிய புதுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளையை நிலக்கரி அறையில போட்டுப் பூட்டுற சூனியக்காரி தான்தான்னு அம்மா கண்டுபிடிச்சுட்டா என்ன பண்றது?”

“எழுதுறப்ப இந்தப் பயம் எங்க போச்சாம்?”

படியிறங்கி வந்த அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

“அந்தச் சூனியக்காரி யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுடி.”

ஹெஸ்டரின் கால்கள் நின்றுவிட்டன. “அம்மா, அது வந்து...”

“அச்சு அசலா எங்கம்மா! அதே நிலக்கரி அறை, அதே பூட்டு, அதே ஏச்சு. நீ பிறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போனவளைப் பத்தி உனக்கு யாருடி சொன்னா?”

‘நீதான்’ என்று சொல்ல ஹெஸ்டருக்கு நா எழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.