பெரிய எழுத்தில் ஒரு பேரு

வெள்ளைச்சாமியின் பெயர்தான் மற்ற எல்லாப் பெயரையும் விடப் பெரிதாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்திப் பார்த்தார். பாவி எழுத்து, சிவப்பாக, கொழுகொழுவென்று அப்படியே உட்கார்ந்திருந்தது.

"போச்சுடா! இன்னைக்கு என் தோலை உரிச்சு உப்புத் தடவப் போறாங்க" என்று டீக்கடை பெஞ்சில் சரிந்தார்.

பின்னே? பொன்னமராவதிப் பக்கம் அவர்கள் ஊர் மாட்டுவண்டிப் பந்தயம் போன வருசம் நின்றுபோனதே எழுத்தால்தான். முதல் பரிசு கொடுக்கும் இருளாண்டி, கோப்பை கொடுக்கும் செந்தமிழன், இருவரில் யார் பெயர் ஃப்ளெக்ஸில் பெரிது என்று சண்டை. ஃப்ளெக்ஸ் கிழிந்து, வேட்டிகளும் கிழிந்து, வண்டிகள் கிளம்பாமலே திரும்பின. இந்த வருசமும் நின்றால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் பந்தயக் கமிட்டிச் செயலாளர் வெள்ளைச்சாமியின் கவலை.

அதனால்தான் ஃப்ளெக்ஸே வேண்டாம், போனில் பார்க்கிற மாதிரி வெப்சைட் செய்துவிடலாம் என்று அண்ணன் மகள் இளமதியைப் பிடித்தார். அவளுக்கு அதுதான் தொழில்.

"எல்லாரு பேரையும் ஒரே மாதிரிப் பெருசாப் போட்டுரு தாயி."

"போன் ஸ்கிரீன் என்ன பந்தல் அகலமா இருக்கு சித்தப்பா? எல்லாத்தையும் பெருசாப் போட்டா எதுவுமே கண்ணுல நிக்காது. ஒரு பேரு பெருசு, மத்ததெல்லாம் அடக்கமா, வரிக்கு வரி எடம் விட்டு. அப்பத்தான் படிக்கத் தோணும்."

"அந்த ஒரு பேரு யாரு பேரு?"

"அதை நான் பாத்துக்கிறேன். நீங்க குரூப்புல எதையும் போட்டுறாதீங்க. நானே ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா லிங்க் அனுப்பிருறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்! போன வருச ஃப்ளெக்ஸில் காளையின் வாலுக்குக் கீழே எறும்பு மாதிரிக் கிடந்த பெயரை இப்படித் தூக்கி உச்சியில் வைத்தால் யார் சும்மா விடுவார்கள்?

செந்தமிழனின் புல்லட் வந்து நின்றது. வெள்ளைச்சாமி எழுந்து ஓடுவதற்குள் அவர் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, பாத்தேன்யா! எழுத்துன்னா அது எழுத்து. கண்ணாடி போடாமப் படிச்சேன்."

"கோவம் இல்லையா மச்சான்?"

"கோவமா? எந்தப் பேரு பெருசா இருக்கணுமோ அது பெருசா இருக்கு. இருளாண்டிக்குத்தான் கொஞ்சம் வலிக்கும். நீ எதுவும் சொல்லிக் காட்டாத, பாவம்."

சொல்லி வாய் மூடவில்லை, இருளாண்டியே வந்துவிட்டார், வாயெல்லாம் பல்லாக. செந்தமிழனுக்கும் சேர்த்து டீ சொன்னார்! அப்புறம் வெள்ளைச்சாமியை அங்கிட்டுத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் கிசுகிசுத்தார்.

"பெரிய மனுசன் யாருன்னு ஊருக்கே காட்டிட்ட பங்காளி. ஞாயித்துக்கெழமை பந்தயத்தை ஜாம்ஜாம்னு நடத்துறோம்!"

வெள்ளைச்சாமி பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அடேயப்பா, இத்தனை வருசமாகத் தண்ணீர் லாரிக்கும் மைக்செட்டுக்கும் நாயாய் அலைந்ததை இவர்கள் பார்க்காமல் இல்லை! கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீசையை ஒரு முறுக்கு முறுக்கி, கால்மேல் கால் போட்டு, இளமதியைப் போனில் கூப்பிட்டார்.

"தாயி, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. சித்தப்பா பேரை இன்னும் ஒரு சுத்துப் பெருசாக்கி, பக்கத்துல என் போட்டோவையும் வச்சிரு."

இளமதிக்குச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"வச்சிருவோம் சித்தப்பா. ஆனா அது ஒங்க போன்ல மட்டுந்தான் தெரியும். அவுகவுக போன்ல அவுகவுக பேருதான் பெருசு!"