வண்டி நின்ற இடங்கள்

சாவியை வாங்கிக்கொண்டுதான் மறு வேலை என்று அருணகிரி காலையிலேயே முடிவு செய்துவிட்டார். நாமக்கல்லில் லாரி ஷெட் வைத்திருப்பவர், பிடித்த பிடியை லேசில் விடுவாரா?

அவரிடம் லாரி ஓட்டும் ஒரே பெண் வசந்தாமணி. இந்தூரில் ஜவ்வரிசி லோடை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து நின்றாள். பல் விளக்கக்கூட விடாமல் கூப்பிட்டு அனுப்பினார்.

டீசல் திருட்டைப் பிடிக்கத்தான் வண்டிகளில் ஜி.பி.எஸ். மாட்டினார். டீசல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வண்டி எங்கெங்கே நின்றது என்று மகன் சிவபிரகாஷ் செல்போனைப் பார்த்துப் படித்தபோது மனிதருக்குத் தலை சுற்றிவிட்டது. கர்நாடகாவில் ஜைனர் கோயிலான பஸதி. அதைத் தாண்டி ஒரு சர்ச். மகாராஷ்டிராவில் தர்கா, அப்புறம் குருத்வாரா. மத்தியப் பிரதேசத்தில் மந்திர். போகும்போதும் அதே, வரும்போதும் அதே.

"லோடு இறக்கப் போனியா, இல்ல ஊரூராச் சாமி கும்பிடப் போனியா அம்மிணி?"

"ஒரு தடவையாச்சும் லோடு லேட்டா இறங்கியிருக்குங்களாண்ணா?"

இறங்கியதில்லை. அதனால் அவருக்குக் கோபம் இன்னும் கூடியது.

உண்மையில் அவரைச் சுட்டது வேறு. ஷெட்டை ஒட்டி, மோகனூர் ரோட்டு மேலேயே அவர் ஒரு பிள்ளையார் கோயில் கட்டியிருந்தார். தரையெல்லாம் கிரானைட். மேஸ்திரி பின்பக்கம் ஏதோ கட்டலாம் என்று இழுத்தபோது, கோயில் லட்சணமே கெட்டுவிடும் என்று அவர் வாயை அடைத்துவிட்டு, அந்தச் செலவில் வாசலில் பெரிய வளைவு வைத்தார். கும்பாபிஷேகம் முடிந்ததிலிருந்து எல்லா டிரைவர்களும் அங்கே இறங்கிச் சூடம் கொளுத்திவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். இவள் மட்டும் ஹாரனைத் தட்டிவிட்டுப் போய்விடுவாள்.

பஸதி என்றால் என்ன, குருத்வாரா என்றால் என்ன என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் எனக் கேட்டார். எந்த ஊர் எல்லைக்குள் போனாலும் அங்கே கோயிலுக்கு என்ன பேர் என்பதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வாளாம். சோறு, தண்ணிக்கு என்ன பேர் என்பதெல்லாம் அப்புறம்தானாம்.

அருணகிரி கையை நீட்டினார். "சாவியைக் குடு."

வசந்தாமணி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னன்னு சொல்லுங்க, குடுக்கறேன்."

சிவபிரகாஷ் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். இதுவரை அந்த ஷெட்டில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"ஊர்ல இருக்கற சாமிகிட்டயெல்லாம் நின்னுட்டு வார. நம்ம பிள்ளையார் முன்னால ஒரு நிமிஷம் நிக்க உனக்கு வலிக்குதா?"

மனக்குறை அப்படியே வெளியே வந்துவிட்டது. வசந்தாமணி நிறுத்தாமல் சொன்னாள்.

"சாமி கும்பிட நிக்கலீங்கண்ணா. ரோட்டுல நிக்கற ஆம்பளைங்ககிட்ட ஒரு பொம்பள கக்கூஸ் எங்கன்னு கேட்டா, பார்க்கற பார்வையே மாறிப்போகுதுங்க. கோயில் எங்கன்னு கேட்டா கூடவே வந்து வழி காட்டறாங்க. அதுக்குத்தானுங்க ஊருக்கு ஊரு அந்தப் பேரைக் கத்துக்கிட்டேன். எந்தச் சாமி வூடா இருந்தாலும், பொம்பளைக்குத் தாப்பா போட்டுக்க ஒரு கதவு இருந்துதுங்க."

அருணகிரிக்கு மேஸ்திரி சொல்ல வந்தது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வசந்தாமணி வளைவைப் பார்த்துக் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டாள்.

"நம்ம கோயில்ல அது இல்லீங்களேண்ணா."