சாக்குப்பையில் மான்குட்டி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று பிடிபடுவதில்லை. அதனால் எல்லோரும் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் காடு. மெதுவாக நடந்தாலும் அரை மணியில் சுற்றி வந்துவிடலாம். முயல்கள், மரங்கொத்திகள், எட்டு மான்கள். காவல்காரர் தினமும் விடிந்ததும் மான்களை எண்ணி, வாசல் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பார். போன வாரம் எட்டை அழித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார். போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "குட்டி போட்டிருக்குங்க, சத்தம் போடாமப் போங்க" என்றார். தனக்கே பேரப்பிள்ளை பிறந்த மாதிரி.

அன்று தூறல். நடக்க வந்த பத்துப் பேர் வாசலில் ஒதுங்கி நின்றிருந்தோம். மரங்களுக்கு நடுவிலிருந்து காவல்காரர் வந்தார். தோளில் சாக்குப்பை. அதன் ஒரு பக்கம் நனைந்து சிவந்திருந்தது.

"என்னய்யா அது?" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தக் கனம்? இறக்கு."

தையல்காரி குனிந்து சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். "ஐயோ, குளம்பு தெரியுது! நம்ம குட்டி!"

"செத்துக் கிடந்துச்சு. புதைக்கத்தான் எடுத்துட்டுப் போறேன்."

"புதைக்கவா, பொரிக்கவா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கழுத்துல காயம் இருக்கே. எப்படிச் செத்துச்சு?"

"தெரியலைங்க."

"சட்டையெல்லாம் ரத்தம், உனக்குத் தெரியலையா? வேலியே பயிரை மேயுதுன்னு சும்மாவா சொன்னாங்க!"

காவல்காரர் பலகைப் பக்கம் திரும்பினார். பலகையில் இருந்த ஒன்பதை உள்ளங்கையாலேயே அழித்தார். எட்டு எழுதப் போனபோது, அழுத்திய அழுத்தில் சுண்ணக்கட்டி ஒடிந்து விழுந்தது.

"நடிப்பைப் பாரு" என்றாள் தையல்காரி.

"ஃபாரஸ்ட் ஆபீசுக்கு எழுதிப் போட்டுட வேண்டியதுதான்" என்றார் என் மருமகன். காலையில் நடக்கிறவர்களின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

தபால்காரர் கொஞ்சம் இளகினார். "வேலை போனா அவன் குடியிருக்கிற அறையும் போயிடுமே. பெண்டாட்டி வேற படுத்த படுக்கை."

"அதுக்காக விட்டுட முடியுமா சார்?"

நானும் அங்கேதான் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். காவல்காரர் எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மருமகன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தார். மகள் துண்டோடு வந்தாள்.

"ஏம்மா, நாய் இப்படி நனைஞ்சிருக்கு? விடியறதுக்குள்ள குளிப்பாட்டிட்டியா?"

"சேத்துல புரண்டுடுச்சுடி."

"சொன்னா நான் குளிப்பாட்டியிருக்க மாட்டேனா? குளிர்ல நடுங்குது பாரு."

மருமகன் நிமிர்ந்தார். "அத்தை, நாயைக் கூட்டிட்டு நீங்கதான் எல்லாருக்கும் முன்னாடி போறீங்க. உள்ளே ஏதாவது பாத்தீங்களா? கண்ணால பாத்தவங்க ஒருத்தர் கையெழுத்து இருந்தா, ஆபீஸ்ல அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க."

இனி, யாரும் பார்க்காததைச் சொல்கிறேன்.

காட்டுக்குள் நாயைச் சங்கிலியோடுதான் கூட்டிப்போக வேண்டும். அன்று விடியுமுன் அது இழுத்த இழுப்பில் என் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. ஒரு நிமிடம்தானே என்று கழற்றிவிட்டேன். புதருக்குள் பாய்ந்தது.

காவல்காரர் ஓடிவந்து, வெறுங்கையால் அதன் வாயைப் பிளந்து குட்டியை எடுத்தார். அவர் மடியில் அது இரண்டு தடவை உதைத்தது. அப்புறம் உதைக்கவில்லை.

நான் அவர் காலில் விழப் போனேன்.

"கடிச்ச நாயைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களேப்பா. மருமகனுக்கு அதுன்னா உயிரு. அது போச்சுன்னா எனக்கும் அந்த வீட்டுல இடமில்ல. மகன் எப்பவோ கையை விரிச்சுட்டான்."

அவர் குட்டியின் கண்ணை மூடி, அதை மடியிலிருந்து இறக்கிவைத்தார்.

"நீங்க போங்கம்மா" என்றார் கடைசியில். "அது வாயைக் கழுவிவிட்டுக் கூட்டிட்டுப் போங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவில்லை. நாயை வீட்டில் விட்டுவிட்டு, மனசு கேட்காமல் நான் குடையோடு திரும்பி வந்து நிற்க, பத்துப் பேர் பிய்த்துப் பிடுங்கியபோதும் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு ஆபீசில் கேட்டால்? பெண்டாட்டியைக் கட்டிலோடு வெளியே தூக்கிவைக்கச் சொன்னால்? எத்தனை நாளைக்கு ஒரு மனிதரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? அவர் சொன்னாலும் யாரும் நம்பாதபடி நான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது.

"அத்தை, உங்களைத்தான். பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன் மாப்பிள்ளை" என்றேன். "அவர் கையில கத்தி இருந்துச்சு."

மருமகன் பேனாவை நீட்டினார். 'நேரில் கண்டவர்' என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினேன்.